காகிதச் செடி ஏன் தொங்கிப் போகிறது?

பழைய செய்தித்தாள், கல்யாணப் பத்திரிகை, முட்டை அட்டை இவற்றில் செய்த அலங்காரச் செடி செய்த அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து இலை சுருண்டு, காம்பு சாய்ந்து, தொட்டியில் பூசணம் பிடித்து நிற்கும். உடனே பெயிண்ட் சரியில்லை என்பார்கள். பெயிண்ட் பாவம். பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான்.

அந்த ஈரமும் சேலம், ஏற்காடு பக்கத்தில் ஒரே மாதிரி இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். சித்திரை வெயிலில் கீழே சேலத்தில் பசை மேலாகக் காய்ந்து உள்ளே ஈரமாகவே நிற்கும். ஐப்பசிப் பனிமூட்டத்தில் மேலே ஏற்காட்டில் அது காயவே காயாது. இரண்டு ஊருக்கும் ஒரே செய்முறையைப் பின்பற்றுவதுதான் முதல் தவறு.

நார் ஓடும் திசையைப் பார்க்காமல் வெட்டுவது

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆலையில் காகிதம் எந்தத் திசையில் ஓடியதோ, நார்களும் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் படுத்திருக்கும். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், கோடு போட்டாற்போல் வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிகிற திசைதான் நார் ஓடும் திசை. இலையின் நடுநரம்பு அதே திசையில் இருக்க வேண்டும். அப்போதுதான் இலை நீளவாக்கில் விறைப்பாக நிற்கும், நரம்புக்காக மடிக்கும் இடமும் வெடிக்காது. தாளை மிச்சம் பிடிக்க இலைகளைக் கண்டபடி திருப்பி வைத்து வெட்டினால் பாதி இலை நிமிர்ந்தும் பாதி இலை நுனி தொங்கியும் இருக்கும்.

கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கிழித்துப் பார்க்க மனசு வராது. இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பார்த்தால் போதும். எந்தப் பக்கம் சுலபமாக உருள்கிறதோ, அந்த உருளையின் நீளம்தான் நார் ஓடும் திசை.

இரண்டு தாளை ஒட்டி இலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரம் பட்டால் நார் பருமனில்தான் உப்பும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. ஒரு தாளை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் ஒட்டினால் காயும்போது ஆளுக்கொரு பக்கம் இழுத்து, பொரித்த அப்பளம்போல் நெளிந்துவிடும். இரண்டும் ஒரே திசையில் இருக்கட்டும். ஒட்டியதும் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஒரு இரவு விடுங்கள்.

ஒட்டாத காகிதத்தோடு மல்லுக்கட்டுவது

பேப்பர் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் போஸ்டர் கலர் முத்து முத்தாக நிற்கும். வெளிப்பக்கத்தில்தான் வண்ணம் பூச வேண்டும். லேமினேட் செய்த பத்திரிகைகளும் அப்படியே. ஓரத்தைக் கிழித்தால் பிளாஸ்டிக் படலம் இழுபடுவது தெரியும், அவற்றைத் தொட்டியின் வெளிச்சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். ஏ.டி.எம். சீட்டும் கடை பில்லும் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் கறுக்கும், அதிலுள்ள ரசாயனம் கையிலும் ஒட்டும். தினசரி காலண்டர் தாள் சின்ன இதழ்களுக்கு அருமையானது, மெலிதாக இருந்தாலும் நன்றாகச் சுருளும். செய்தித்தாளை வண்ணம் பூசாமல் விட்டால் வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும் என்பதால் இலையின் இரண்டு பக்கமும் பூச வேண்டும்.

பசையில் நடக்கும் கூத்து

சேலத்தில் இருந்துகொண்டு பசைக்கு மைதாவைத் தேடுவானேன்? ஜவ்வரிசிக்கு அரைக்கிற குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவே போதும். 2 மேசைக்கரண்டி மாவை முதலில் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். முக்கால் டம்ளர் தண்ணீரைச் சூடாக்கி, கரைசலை அதில் ஊற்றி, சிறு தீயில் கிளறுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்குங்கள். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டுவதால்தான் உள்ளே மாவுக்கட்டி நிற்கிறது, அது காய்ந்தபின் இலையில் பரு மாதிரித் தெரியும். வெந்த பிறகும் கிளறிக்கொண்டே இருந்தால் பசை நீர்த்துப் பிடிப்பு குறையும்.

பூசணம் வராமல் இருக்கப் பசையில் உப்புப் போடச் சொல்வார்கள். ஏற்காட்டில் அதைச் செய்யாதீர்கள். மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படி நீர்த்து நிற்கும் என்பது மலையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதே வேலையை உப்பு உங்கள் தொட்டிக்குள்ளும் செய்யும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காமல் இருக்கச் சேர்க்கும் மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகள் கை வைக்கும் வேலைக்கு ஆகாது. பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்வதே நல்லது. மாவுப் பசையைத் தொட்டிக்கும் தண்டுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, இலை காம்பில் சேரும் இடத்துக்கு ஃபெவிகால் போடுங்கள். ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் மாவுப் பசை விருந்து.

ஒரே மூச்சில் 6, 7 அடுக்கு ஒட்டுவது இன்னொரு வழக்கம். ஒரு தடவைக்கு 3 அடுக்கு போதும். சேலத்தில் நிழலில் ஃபேன் காற்றில் ஒரு நாள் காயட்டும், மலையில் மழை நாளென்றால் இரண்டு மூன்று நாள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் மேல் அடுக்கு இழுத்து விரிசல் விடும். தொட்டியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் வார்னிஷ் அடிப்பது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

மேல்பூச்சுக்கு ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பூசுவது சேலத்தில் சரிவரும். பனிமூட்டத்தில் அது மறுபடி பிசுபிசுத்து இலைகள் ஒன்றோடொன்று ஒட்டும். மலைக்குப் போகும் செடிக்கு அக்ரிலிக் வார்னிஷ் பூசுங்கள். சுடுபசைத் துப்பாக்கியில் ஒட்டிய செடி கோடையில் பூட்டிய காருக்குள் இளகிக் கழன்றுவிடும்.

காம்புக்குக் கட்டுக்கம்பி

கட்டடத்துக்கு வாங்கி மிஞ்சிய கட்டுக்கம்பி எல்லா வீட்டிலும் கிடக்கும். ஈரப் பசை பட்டதும் அது துருப்பிடிக்கும், பழுப்புக் கறை இலைக்கு மேலே வரும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. கைப்பிடி அளவு இலைக்கு 22 கேஜ் (எண் கூடக்கூடக் கம்பி மெலியும்) போதும், ஒரு சாண் இலைக்கு 18 கேஜ் வேண்டும். கம்பி இலைக்குள் மூன்றில் இரண்டு பங்காவது ஓட வேண்டும். அடியில் மட்டும் ஒட்டினால் இலை கழுத்தொடிந்து நிற்கும்.

பனைவகைச் செடிக்கும் பெரணிக்கும் (ஃபெர்ன்) தென்னை ஈர்க்கை மிஞ்ச ஒன்றுமில்லை. நிஜக் காம்பு மாதிரியே நுனி சிறுத்திருக்கும். காய்ந்த ஈர்க்கை வளைத்தால் படக்கென்று ஒடியும், அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து வளையுங்கள்.

செடியைப் பார்க்காமல் செடி செய்வது

ஒரே அச்சில் 30 இலை வெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே கிளிப்பச்சை அடித்தால் அது கடையில் விற்கும் பிளாஸ்டிக் செடிபோல் இருக்கும். மூன்று அளவிலாவது வெட்டுங்கள். பச்சையில் ஒரு சொட்டுச் சிவப்போ காவியோ கலந்தால் பளபளப்பு அடங்கும். நுனித் தளிருக்கு வெளிர்பச்சை. வண்ணத்தை வெட்டுவதற்கு முன்பே பூசிவிடுங்கள், வெட்டிய இலையில் பூசினால் ஓரம் சுருளும். மஞ்சள்தூளில் தோய்த்த பூ வெயிலில் சில நாளிலேயே வெளுக்கும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைத் தோட்டங்களே நல்ல பாடம். காப்பிச் செடியில் இலை எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும், ஓரம் அலை அலையாக இருக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக் கொடியில் இலை மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக வரும். மிளகுச் சரம் இலைக்கு எதிர்ப்பக்கம் தொங்கும். பலர் அதை இலைக்கக்கத்தில் (இலையும் தண்டும் சேரும் இடுக்கில்) ஒட்டிவிடுகிறார்கள். மிளகுக்குப் பச்சை வண்ணம் பூசிய ஜவ்வரிசி பொருத்தமான அளவு. ஆனால் போஸ்டர் கலரில் போட்டால் கொழகொழத்துப் போகும், பழைய நகப்பூச்சு பூசுங்கள். ஆர்க்கிட் செய்பவர்கள் ஐந்து இதழைச் சமமாக ஒட்டி முடித்துவிடுகிறார்கள். வெளியே மூன்று, உள்ளே மூன்று, உள்ளே உள்ளவற்றில் ஒன்று உதடுபோல் வேறு வடிவம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் நேரில் பார்க்கலாம்.

நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை. எச்சம் பட்டதைக் கழுவப் போகாதீர்கள், அட்டை கூழாகும், கிருமியும் போகாது. அதைத் தள்ளிவிட்டுச் சுத்தமானதை மட்டும் எடுங்கள். குழிகளை வெட்டிய பின் ஓரத்தை விரலால் லேசாக நனைத்து விரித்தால் இதழ் கிழியாது. நடுவில் நிற்கும் கூம்புகளைப் பலர் தூக்கி எறிகிறார்கள். குழல் வடிவப் பூவுக்கு அவைதான் வேண்டும்.

தொட்டிக்குத் தெர்மாகோல் மட்டும் அடைத்தால் ஃபேன் போட்டதும் செடி குப்புற விழும். கொட்டாங்குச்சியிலோ தயிர் டப்பாவிலோ அடிப்பாதிக்குக் கூழாங்கல்லோ ஓட்டுச்சில்லோ போட்டு, அதன்மேல் தெர்மாகோலை இறுக்கிக் காம்பைச் செருகுங்கள். தொட்டியின் எடை செடியைப்போல் இரண்டு மடங்கு இருக்கட்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினால், மிஞ்சியதைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், குழாய்க்குள்ளேயே இறுகிவிடும்.

தூசி படிந்தால் ஈரத்துணி வேண்டாம், பழைய பெயிண்ட் பிரஷ் போதும். பூஜை அறையில் வைக்க ஆசைப்பட்டால் விளக்கிலிருந்தும் ஊதுவத்தியிலிருந்தும் கை நீளத்துக்கு மேல் தள்ளி வையுங்கள். வார்னிஷ் பூசிய காகிதம் சட்டென்று பற்றும்.