பெட் அலாரம் சரியாக வேலை செய்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

நோயாளி கட்டிலை விட்டு எழுந்தால் ஒலித்து எச்சரிக்கும் கருவிதான் பெட் அலாரம். தேவையில்லாமல் கத்துகிற அலாரம் எரிச்சல்தான், ஆனால் நோயாளி கட்டிலை விட்டு இறங்கி இரண்டு அடி நடந்த பிறகும் வாயே திறக்காத அலாரம் இருக்கிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும். அதனால் பழுது பார்க்கும் நேரம் முழுக்க ஒருவர் நோயாளி பக்கத்திலேயே இருக்கட்டும்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நோயாளிக்கு அடியில் போடும் சென்சார் பேட், அதோடு வயரில் இணைந்த ஒலிக்கும் பெட்டி, பல அலாரங்கள் இவ்வளவுதான். பெரும்பாலான சென்சார் பேடுகளுக்குள் மின்சாரம் கடத்தும் இரண்டு தகடுகள், நடுவே மெல்லிய ஸ்பாஞ்ச். ஆள் படுத்தால் எடையில் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் பிரியும், பிரிந்ததும் பெட்டி ஒலிக்கும். நாள்பட்ட பேடில் ஸ்பாஞ்ச் நசுங்கிப்போய், ஆள் எழுந்தாலும் தகடுகள் பிரியாது. அலாரம் ஊமையாவது பல நேரம் இப்படித்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். பேடை உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, பெட்டியில் விளக்கு மாறுகிறதா என்று பார்த்துவிட்டு கையை எடுங்கள். ஒலி வரவில்லையா? வேறு புது பேடை மாட்டிப் பாருங்கள். அதில் ஒலித்தால் பழைய பேடை அப்போதே ஒதுக்கிவிடுங்கள், "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று அலமாரியில் வைக்காதீர்கள். பேடுக்கு ஆயுள் உண்டு: 30 நாள், 90 நாள், 1 வருடம் என்று வகைக்கு வகை மாறும். முதலில் போட்ட தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வைத்தால் குழப்பம் இல்லை.

புது பேடிலும் சத்தம் இல்லை என்றால் வயரையும் பெட்டியையும் பாருங்கள். பல பெட்டிகளில் பழைய தொலைபேசி வயர் போன்ற பின்தான் இருக்கும், அதன் ஓரத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற குட்டி பிளாஸ்டிக் நாக்கு ஒன்று உண்டு. அது உடைந்திருந்தால் செருகும்போது 'டிக்' என்று கேட்காது, கட்டிலை நகர்த்தினால் போதும், கழன்றுவிடும். கட்டில் சக்கரத்திலோ பக்கக் கம்பியிலோ வயர் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இடைவெளி விட்டு விட்டு 'கீச்' என்று ஒலித்தால் அது பேட்டரி தீரப்போவதன் அறிகுறியாக இருக்கலாம். மாற்றும்போது உள்ளே பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது சும்மா சும்மா கத்துகிற அலாரம். பேட் எங்கே இருக்கிறது? விரிப்புக்கு அடியில் போடும் வகை என்றால் இடுப்புக்கு நேர் கீழே, மடிப்பு இல்லாமல் குறுக்காக இருக்க வேண்டும். மேலே நான்கைந்து துணி அடுக்கினால் மெலிந்த உடம்பின் எடை அதற்குப் போய்ச் சேராது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் நோயாளி கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி பேடை விட்டே இறங்கிவிடுவார், அப்போது தவறு அலாரத்தில் இல்லை. வீல்சேரில் இருக்கைத் துணி தொய்ந்து பேட் மடங்கும், அடியில் உறுதியான குஷன் வையுங்கள். கட்டில் பேடை நாற்காலியில் மடித்துப் போடவே வேண்டாம்.

சில பெட்டிகளில் 0, 1, 2 நொடி தாமதம் வைக்கலாம். புரண்டு புரண்டு படுப்பவருக்கு 1 நொடி உதவும், சட்டென்று எழுந்துவிடுபவருக்கு 0 தான். பேட் இல்லாமல், எடையை அளக்கும் கட்டிலிலேயே அலாரம் இருந்தால், ஆள் ஏறுவதற்கு முன் தலையணை போர்வையோடு எடை அளவைப் பூஜ்யம் செய்ய வேண்டும், இதை மறந்தால் மற்ற எதைத் திருகியும் பயனில்லை.

பெட்டி ஒலிக்கிறது, செவிலியர் மேசையில் மட்டும் அழைப்பு வரவில்லையா? இணைப்பு வயரையும், பெட்டியின் அமைப்பு உங்கள் அழைப்பு முறைக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒருவரைப் படுக்கவைத்து எழச் சொல்லுங்கள், நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நின்று கேளுங்கள். அப்புறம் ஷிப்ட் மாறும்போது, "அலாரம் போட்டிருக்கு" என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்குச் சோதித்தீர்கள் என்பதையும் அடுத்து வருபவரிடம் சொல்லுங்கள்.