கரண்ட் வைத்து முடிந்த பிறகு: பிஎஸ்ஏ எண்ணும் அதைச் சுற்றி நடக்கும் தவறுகளும்

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்களின் கவலையெல்லாம் ஒரே எண்ணில்தான் வந்து நிற்கும்: பிஎஸ்ஏ. புராஸ்டேட் சுரப்பியின் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எண் இது. ரிப்போர்ட் கைக்கு வருவதற்குள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பயம் நியாயமானதுதான். ஆனால் பலரும் பதற வேண்டாத நேரத்தில் பதறுகிறார்கள், விசாரிக்க வேண்டிய நேரத்தில் "நார்மல்தானே" என்று ஃபைலை மூடி வைத்துவிடுகிறார்கள்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் எண்ணோடு ஒப்பிடுவதில்தான் இது தொடங்குகிறது. அவருக்குச் சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். ஓரிரு மாதத்தில் பிஎஸ்ஏ அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். உங்களுக்குச் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. கதிர் புற்றுசெல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. ஆனால் அந்தச் செல் பெரும்பாலும் உடனே சாகாது; அடுத்து இரண்டாகப் பிரியப் பார்க்கும்போதுதான் சாகும். புராஸ்டேட் புற்றுசெல்கள் பொதுவாக மெதுவாகப் பிரிபவை. அதனால் பிஎஸ்ஏ மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் இறங்கும். அடிமட்டத்தைத் தொடப் பலருக்கு ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். தப்பியிருக்கும் நல்ல செல்களும் கொஞ்சம் பிஎஸ்ஏ சுரந்துகொண்டே இருப்பதால் எண் பூஜ்யத்துக்கு வந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. மூன்றாம் மாதம் 2.8 என்று வந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் "0 – 4" என்று அச்சாகியிருக்கும். அந்த வரம்பு, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்காத ஆண்களுக்கானது. உங்களுடைய கணக்கு வேறு. சிகிச்சைக்குப் பிறகு உங்களுக்கு வந்த மிகக் குறைந்த எண் எதுவோ, அதோடு 2-ஐக் கூட்டுங்கள். பிஎஸ்ஏ அந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ நோய் திரும்பியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுவார்கள். 2005-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோல் இது. இன்றும் உலகம் முழுக்க இதைத்தான் பின்பற்றுகிறார்கள். ஒருவருக்கு அடிமட்டம் 0.3 என்று வையுங்கள். இப்போது 2.5 வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் அந்த எண் தடித்த எழுத்தில் வராது, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் இருக்காது. ஆனாலும் அவர் கோட்டைத் தாண்டிவிட்டார். கோடு தாண்டும் வரை சும்மா இருக்கலாம் என்றும் எண்ணக் கூடாது. எண் எவ்வளவு வேகமாக இரட்டிப்பாகிறது என்பதையும் மருத்துவர் பார்ப்பார். தேவைப்பட்டால், புற்றுசெல்கள் உடம்பில் எங்கே இருக்கின்றன என்று தேடும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எழுதிக் கொடுப்பார்.

ஏறுவதெல்லாம் நோயும் இல்லை. சிகிச்சைக்கு முன் 14 இருந்த ஒருவருக்கு ஆறாம் மாதம் 1.4, ஒரு வருடத்தில் 0.6, ஒன்றரை வருடத்தில் 1.3, இரண்டு வருடத்தில் 0.5 என்று வரலாம். நடுவில் ஏறி, தானாக இறங்கிய அந்த 1.3-ஐ மருத்துவர்கள் 'பவுன்ஸ்' என்பார்கள். உள்ளேயே கதிர் மூலத்தை வைக்கும் பிராக்கிதெரபி எடுத்தவர்களுக்கும் வயது குறைந்தவர்களுக்கும் இது அதிகம் வரும். பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள் வந்து போய்விடும். இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு அவசரமாக ஹார்மோன் ஊசி (ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஊசி) போட்டுக்கொள்வதும், திரும்ப பயாப்சி (திசுத் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுக்கச் சொல்லி வற்புறுத்துவதும் வேண்டாம். சிகிச்சை முடிந்த முதல் இரண்டு வருடத்தில் எடுக்கும் பயாப்சி குழப்பத்தைத்தான் தரும். செத்துக்கொண்டிருக்கும் செல்லும் அதில் புற்றுசெல்லாகவே தெரியக்கூடும். சில வாரம், சில மாதம் விட்டு அடுத்த ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

கதிரோடு ஹார்மோன் ஊசியும் போட்டவர்கள் ஊசி தேதிகளைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும். ஊசி வேலை செய்யும்வரை பிஎஸ்ஏ 0.02 என்று அழகாகக் கிடக்கும். கடைசி ஊசிக்குப் பிறகும் பல மாதம் அதன் தாக்கம் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் மீண்டும் சுரக்கத் தொடங்கும்போது பிஎஸ்ஏவும் சற்று ஏறும். கூடவே டெஸ்டோஸ்டிரோன் அளவையும் எடுத்திருந்தால் இந்த ஏற்றம் எதனால் என்று மருத்துவருக்குப் பிடிபடும்.

பிஎஸ்ஏ பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்

முடிந்தவரை ஒரே லேபில் கொடுங்கள். லேபுக்கு லேப் கருவியும் முறையும் மாறினால் எண்ணும் மாறும். முந்தைய இரண்டு நாள் சைக்கிள் ஓட்டுவதையும் விந்து வெளியேறுவதையும் தவிருங்கள். சிறுநீர்த் தொற்று இருந்தால் அதைக் குணமாக்கி, சில வாரம் கழித்துக் கொடுங்கள். முடி வளர என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில பரிசோதனை முறைகளில் எண்ணைத் தவறாகக் காட்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சிறுநீர் தடையின்றிப் போக டாம்சுலோசின் கொடுத்திருப்பார்கள். அதனால் பிஎஸ்ஏ மாறாது. ஆனால் வேறொரு மருத்துவர் டாம்சுலோசினும், புராஸ்டேட்டைச் சுருக்கும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த மாத்திரையாக மாற்றிக் கொடுத்தால், சில மாதத்தில் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடலாம். நோய் அடங்கியதால் வந்த குறைவு அல்ல அது. அந்த மாத்திரையின் அட்டையைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலத்தில் ரத்தம் வந்தால்

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. புராஸ்டேட்டை ஒட்டியே மலக்குடலின் முன்சுவர் இருக்கிறது. கதிரில் ஒரு பங்கு அதன்மேலும் படுகிறது. சில மாதத்திலோ இரண்டு மூன்று வருடம் கழித்தோ மலத்தோடு சிவப்பாக ரத்தம் வரலாம். வீட்டில் உடனே "மூலம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சுவரில் விளம்பரம் எழுதியிருக்கும் மூலம் பவுத்திரம் கிளினிக்குக்குப் போய், கதிர் எடுத்த விஷயத்தையே சொல்லாமல் ஊசியோ வெட்டோ போட்டுக்கொள்கிறார்கள். கதிர் பட்ட திசுவில் ரத்த ஓட்டம் குறைவு. அங்கே கத்தி பட்டால் புண் எளிதில் ஆறாது. கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்யும்போது முன்சுவரிலிருந்து துணுக்கு எடுத்தால்கூட ஆறாத புண்ணாகி, மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பாதைக்கும் இடையே ஓட்டை விழும் அபாயம் உண்டு. அதற்காகக் கொலனோஸ்கோபியைத் தவிர்க்கவும் கூடாது. ரத்தத்துக்குக் குடல் புற்றும் காரணமாக இருக்கலாம் அல்லவா? எந்த வருடம் கதிர் எடுத்தீர்கள் என்பதை உள்ளே போகும் முன்பே குடல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியையும் காட்டுங்கள். பத்து வருடம் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

சிறுநீரில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான். "சூடு பிடிச்சிருக்கு" என்று இளநீரும் நீர்மோரும் குடித்துக் காத்திருக்காதீர்கள். கதிரால் சிறுநீர்ப்பையில் வந்த புண்ணா, வேறு ஏதாவதா என்று உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் நின்றுவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பிஎஸ்ஏவைக் குறைக்கும் என்று யாராவது லேகியமோ மூலிகைக் காப்ஸ்யூலோ கொடுத்தால் ஒரு பழைய சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் பிசி-ஸ்பெஸ் என்ற மூலிகைக் காப்ஸ்யூலைப் புராஸ்டேட் நோயாளிகள் நம்பி வாங்கினார்கள். பிஎஸ்ஏ குறையவும் செய்தது. ஆய்வு செய்து பார்த்தபோது செயற்கைப் பெண் ஹார்மோனும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் அதில் கலந்திருந்தன. 2002-இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

வெளியிலிருந்து கதிர் எடுத்தவர் உடம்பில் கதிர் தங்காது. பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம். அயோடின் விதைகளை நிரந்தரமாக உள்ளே வைத்தவர்களுக்கு மட்டும் சில மாதம் சில கட்டுப்பாடுகள் சொல்வார்கள்.

தாம்பத்தியத்தில் வரும் குறையைப் பலர் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. கதிருக்குப் பிறகு அது இரண்டு மூன்று வருடத்தில் மெல்ல மெல்லக் கூடலாம். முன்கூட்டியே சொன்னால் மருந்து உண்டு. மெடிக்கல் ஷாப்பில் தானாக சில்டெனாஃபில் (வயாக்ரா வகை மாத்திரை) வாங்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

ஹார்மோன் ஊசி எலும்பைத் தேய்க்கும், சர்க்கரையைக் கூட்டும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள், தினமும் நடங்கள்.

முதுகில் புதிதாக வலி வந்து ராத்திரியில் கூடுகிறதா? கால் மரத்துப்போகிறதா, நடையில் வலு குறைகிறதா, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லையா? கடைசி பிஎஸ்ஏ எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். புற்று முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடம் நசுங்கியிருந்தால், நடக்க முடிகிற நிலையிலேயே சிகிச்சையைத் தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள்.