உப்புத்தண்ணி டேங்க்ல கார்பன் டோசிங்: வினிகரை வச்சு நைட்ரேட், பாஸ்பேட்டை மெதுவா இறக்குறது எப்படி

டேங்க்ல நைட்ரேட், பாஸ்பேட் கூடினா பாசி வளரும், அதை குறைக்க வினிகர் மாதிரி கார்பன் இருக்கற பொருளை தினமும் கொஞ்சமா தண்ணில சேர்க்கறதுதான் கார்பன் டோசிங். நீங்க தண்ணில ஊத்துற வினிகரோ வோட்காவோ பாசியை நேரடியா ஒண்ணும் பண்ணாது, நைட்ரேட்டையும் நேரடியா தொடாது. அது பாக்டீரியாவுக்கு போடற தீனி, அவ்வளவுதான். அந்த பாக்டீரியா வளர்றதுக்கு கார்பனோட சேர்த்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணும், அதை தண்ணில இருக்கற நைட்ரேட், பாஸ்பேட்ல இருந்து எடுத்துக்குது, அப்புறம் அந்த பாக்டீரியாவை ஸ்கிம்மர் (காத்துக் குமிழி விட்டு அழுக்கை நுரையா பிரிக்கற கருவி) நுரையோட சேர்த்து வெளிய தள்ளிடுது, கொஞ்சத்தை கோரலும் (பவளம்) ஸ்பாஞ்சும் சாப்பிட்டுக்குது. மீன் தீனி மூலமா நைட்ரஜனும் பாஸ்பரஸும் தினமும் உள்ள வந்துட்டே இருக்கு, பாக்டீரியா சுலபமா எடுத்துக்கற கார்பன்தான் பத்தாம இருக்கும், அந்த குறையைத்தான் நாம நிரப்பறோம். ஃபில்டர்ல போடற கருப்பு குருணை ஆக்டிவேட்டட் கார்பனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இதை புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கும். பாக்டீரியா வளர நாள் ஆகும், அதனால பலனும் மெதுவாதான் வரும். பாக்டீரியா மூச்சு விடும், அதனால ஆக்சிஜன் செலவாகும். பாக்டீரியாவை வெளிய எடுக்கலன்னா அது செத்து அதே நைட்ரேட் பாஸ்பேட்டா திரும்ப தண்ணிக்கே வந்துடும். அதனால ஸ்கிம்மர் இல்லாத டேங்க்ல கார்பன் டோசிங் பண்ணாதீங்க, இதுல நான் பிடிவாதமாவே சொல்வேன். ஸ்கிம்மர் பாக்டீரியாவையும் எடுக்குது, காத்தையும் தண்ணில கலக்குது, ரெண்டுமே வேணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க. நைட்ரேட், பாஸ்பேட், ஆல்கலினிட்டி (தண்ணி அமிலத்தை தாங்கற சக்தி) மூணும் கண்டிப்பா. கலர் கார்டு வச்சு பாக்கற பாஸ்பேட் கிட்ல 0.03க்கும் 0.1க்கும் வித்தியாசம் கண்ணுக்கு தெரியறது கஷ்டம், அதனால டிஜிட்டல் செக்கர் இருந்தா நல்லது. ஹன்னாவோட பாஸ்பரஸ் செக்கர் வச்சிருக்கவங்க ஒண்ணு கவனிக்கணும், அது காட்டறது பாஸ்பரஸ், பிபிபி (நூறு கோடில ஒரு பங்கு) கணக்குல, அதை 3.066ஆல பெருக்கி 1000ஆல வகுத்தாதான் பாஸ்பேட் பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கணக்குல கிடைக்கும். செக்கர் 20 காட்டினா பாஸ்பேட் 0.06.

டெஸ்ட்ல ரெண்டுமே பூஜ்யம் காட்டுது ஆனா பாறை முழுக்க பச்சை முடி மாதிரி பாசின்னா, அங்க உடனே டோசிங் ஆரம்பிக்காதீங்க. பாசியே எல்லாத்தையும் உறிஞ்சிக்கறதாலதான் தண்ணில ஒண்ணும் தெரியல. முதல்ல கையால பிடுங்கணும், டூத் பிரஷ் வச்சு பாறையை வெளிய எடுத்து தேய்க்கணும், டர்போ, ட்ரோகஸ் நத்தை விடணும், அதுக்கப்புறம் நம்பர் எங்க போய் நிக்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம். ஆவியாகி குறையற தண்ணிக்கு டாப் அப்பா ஊத்தற ஆர்ஓடிஐ (வடிகட்டி உப்பெல்லாம் நீக்கின) தண்ணியோட டிடிஎஸ் (கரைஞ்ச பொருளோட அளவு) 0 இருக்கான்னும் பாருங்க, தண்ணிலயே பாஸ்பேட் வந்துட்டு இருந்தா எவ்வளவு வினிகர் ஊத்தினாலும் ஓட்டைப் பானைதான்.

டோஸ் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்த நம்பர்ல நிறுத்தப் போறீங்கன்னு முடிவு பண்ணி எழுதி வச்சுக்கோங்க, என்னைப் பொறுத்தவரை இதுல முக்கியமான முடிவே அதுதான். பூஜ்யத்துக்கு கொண்டு போறது நோக்கமே இல்ல. கலப்பு ரீஃப் டேங்க்குக்கு (பல வகை கோரல் சேர்ந்து இருக்கறது) நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம், இந்த வட்டத்துக்குள்ள நின்னா போதும். ரெண்டும் காலியாயிட்டா கோரல் நிறம் வெளுக்க ஆரம்பிக்கும், டைனோஃபிளாஜலேட் (சுருக்கமா டைனோ, ஒரு வகை நுண்ணுயிர்) வரும், பழுப்பு நிறத்துல சளி மாதிரி, காத்துக் குமிழியோட மணல் மேலயும் பாறை மேலயும் படரும். பச்சைப் பாசியை விட அதை ஒழிக்கறது பல மடங்கு கஷ்டம். பாசியை ஒழிக்கறேன்னு கிளம்பி டைனோவுல போய் மாட்டிக்கறது இந்த முறையில அடிக்கடி நடக்கற விஷயம்.

எந்த கார்பன் எடுக்கறது? வினிகர், வோட்கா, சர்க்கரை, கம்பெனிக்காரங்க விக்கற ரெடிமேட் திரவம், பயோபெல்லட் (பாக்டீரியா தின்ற கெட்டியான கார்பன் மணி), இப்படி பல வழி இருக்கு. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது வினிகர்தான். காரணம், அது நீர்த்துப் போனது, அளவுல கொஞ்சம் தப்பினாலும் பெரிய ஆபத்து இல்ல. 40 சதவீத வோட்கா 1 மில்லில இருக்கற கார்பன், 5 சதவீத வினிகர்ல சுமார் 8 மில்லில இருக்கு, அதனால வோட்கால ஒரு மில்லி கூடிப்போச்சுன்னா அது பெரிய தப்பு, வினிகர்ல அது ஒண்ணுமில்ல. சர்க்கரையும் வோட்காவும் போட்டா சிவப்பு சயனோ (படலமா படர்ற சயனோபாக்டீரியா) கூடுதுன்னு பல பேர் சொல்றாங்க, வினிகர்ல அந்த புகார் கம்மி. பயோபெல்லட் ரியாக்டர்ல சுழன்டுட்டு இருக்கும், வேலை குறைவு, ஆனா வேகத்தை கூட்டறது குறைக்கறது கஷ்டம், வெளிய வர்ற தண்ணி நேரா ஸ்கிம்மர் வாய்க்கு போற மாதிரி வேற வைக்கணும். வினிகர் வாங்கறப்ப நிறமில்லாத சாதா வெள்ளை வினிகரா பாத்து எடுங்க, ஆப்பிள் சைடர், மசாலா சேர்த்தது, நிறம் சேர்த்தது எதுவும் வேணாம். லேபிள்ல அமிலம் எத்தனை சதவீதம்னு பாருங்க, 4 சதவீதமா இருந்தா கீழ சொல்ற அளவை கால் பங்கு கூட்டிக்கோங்க.

இப்ப அளவு. முதல்ல உங்க டேங்க்ல உண்மையா எவ்வளவு தண்ணி இருக்குன்னு கணக்கு போடுங்க, சம்ப்பையும் (ஃபில்டர், பம்ப் வைக்கற துணைத் தொட்டி) சேர்த்து, பாறை, மணல் இடத்தை கழிச்சு. முதல் 3 நாள் 100 லிட்டருக்கு தினமும் 0.8 மில்லி வினிகர். 4வது நாள்ல இருந்து 7வது நாள் வரைக்கும் 1.6 மில்லி. அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் 100 லிட்டருக்கு 1 மில்லி கூட்டுங்க. அதாவது 200 லிட்டர் தண்ணி இருந்தா 1.6ல ஆரம்பிச்சு, 3.2க்கு போய், அடுத்த வாரம் 5.2, அப்புறம் 7.2ன்னு போகும். ஊசி இல்லாத சிரிஞ்ச்ல அளந்து, வேகமா தண்ணி ஓடற இடத்துல, ரிட்டர்ன் பம்ப் பக்கத்துல, லைட் எரிய ஆரம்பிச்ச பிறகு ஊத்துங்க. ராத்திரில வேணாம், அப்ப ஆக்சிஜனும் பிஹெச்சும் ஏற்கனவே கீழ இருக்கும், வினிகர் கொஞ்ச நேரம் பிஹெச்சை இன்னும் இறக்கும். அளவு கூடக்கூட அதை ரெண்டு மூணு தடவையா பிரிச்சு ஊத்துங்க.

முதல் ரெண்டு வாரம், சில டேங்க்ல நாலு வாரம் வரைக்கும் கூட நம்பர் அசையாது. இங்கதான் பொறுமை போய் டோஸை டபுள் பண்ணத் தோணும், பண்ணாதீங்க, பாக்டீரியா கூட்டம் பெருகிட்டு இருக்கு, அது தெரியறதுக்கு வேற அடையாளம் இருக்கு. ஸ்கிம்மர் கப் சீக்கிரம் நிறையும், வர்ற அழுக்கு கெட்டியா இருக்கும், பைப் உள்பக்கம், பம்ப் வாய்ல வெள்ளையா நூல் மாதிரி சளி படியும். கொஞ்சமா இருந்தா நல்ல அறிகுறி, கொத்து கொத்தா தொங்கினா டோஸ் ஜாஸ்தி. வாரத்துக்கு ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணி எழுதிட்டே வாங்க. நைட்ரேட் இறங்க ஆரம்பிச்ச உடனே கூட்டறதை நிறுத்திடுங்க, அதே டோஸ்லயே விடுங்க, அது தானா இறங்கும். நீங்க எழுதி வச்ச நம்பர் பக்கத்துல வந்ததும் டோஸை பாதியாக்கி, அங்கேயே நிக்குதான்னு பாத்து கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணுங்க. அந்த அளவுதான் உங்க டேங்க்கோட தினசரி டோஸ், இன்னொருத்தர் டேங்க் அளவு உங்களுக்கு பொருந்தாது. 100 லிட்டருக்கு 10 மில்லி தாண்டியும் ஒண்ணும் நடக்கலன்னா மேல மேல ஊத்தறதை விட்டுட்டு, தீனி அளவு, மீன் எண்ணிக்கை, மணல்ல தேங்கின அழுக்கு, ஸ்கிம்மர் சைஸ், இதையெல்லாம் பாக்கறதுதான் சரி.

நைட்ரேட் இறங்குது பாஸ்பேட் இறங்கலன்னு நிறைய பேர் குழம்பறாங்க. கடல் நுண்ணுயிர்ல கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணு விகிதம் சராசரியா 106:16:1ன்னு ரெட்ஃபீல்ட் கணக்கு சொல்லுது, அதை எடைக்கு மாத்தினா சுமார் 10 பங்கு நைட்ரேட்டுக்கு 1 பங்கு பாஸ்பேட். பாக்டீரியாவோட விகிதம் அப்படியே இது இல்லன்னாலும் திசை இதுதான். ஆனா நடைமுறைல அவ்வளவு பாஸ்பேட் குறையாது, ஏன்னா பாறைக்குள்ள ஆக்சிஜன் இல்லாத இடத்துல இருக்கற பாக்டீரியா அதே கார்பனை வச்சு நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவா மாத்தி வெளிய விட்டுடுது, அதுல பாஸ்பேட் செலவே ஆகாது. அதுபோக பழைய பாறையும் மணலும் தனக்குள்ள பிடிச்சு வச்சிருந்த பாஸ்பேட்டை தண்ணி சுத்தமாக சுத்தமாக வெளிய விட்டுட்டே இருக்கும்.

அதனால நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் 0.3ன்னு நின்னுடுச்சுன்னா இன்னும் வினிகர் ஊத்தறதுல பிரயோஜனமே இல்ல, பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் இல்ல, அது வளராது, மிச்ச கார்பன் சயனோவுக்கும் கோரல் மேல இருக்கற வேண்டாத நுண்ணுயிருக்கும்தான் போகும். அப்ப டோஸை குறைச்சு, பாஸ்பேட்டுக்கு ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை பிடிச்சு வைக்கற இரும்பு ஆக்சைடு குருணை) கொஞ்சமா ஓடவிடுங்க, இல்லன்னா சோடியம் நைட்ரேட் சேர்த்து நைட்ரேட்டை 2, 3க்கு ஏத்திட்டு தொடருங்க. தலைகீழாவும் நடக்கும், ஜிஎஃப்ஓ அதிகமா ஓட்டி பாஸ்பேட் பூஜ்யமா இருக்கும், நைட்ரேட் 30லயே நிக்கும், அங்க ஜிஎஃப்ஓவை எடுத்துட்டாலே நைட்ரேட் இறங்க ஆரம்பிச்சுடும்.

கார்பன் மிஞ்சிப் போறதை நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. தண்ணில கரைஞ்ச சர்க்கரை மாதிரி கரிமப் பொருள் கூடினா கோரல் மேல இருக்கற நுண்ணுயிர் தாறுமாறா பெருகி கோரலே செத்துப்போகும்னு 2006ல டேவிட் க்ளைன், ஃபாரஸ்ட் ரோவர் குழுவோட ஆய்வு காட்டுச்சு. அது நம்ம வினிகர் டோஸை சோதிச்ச ஆய்வு இல்ல, ஆனா கார்பன் கோரலுக்கு பாதிப்பே இல்லாத பொருள்னு நினைச்சு ஊத்தக்கூடாதுன்னு தெரிஞ்சுக்க அது போதும்.

ஆல்கலினிட்டியை தனியா கவனிங்க. நைட்ரேட் செலவாகறப்ப ஆல்கலினிட்டி திரும்ப வரும், 50 பிபிஎம் நைட்ரேட் போனா சுமார் 2.3 டிகேஹெச் (ஆல்கலினிட்டியை அளக்கற அலகு). அதனால வழக்கமா போடற ஆல்கலினிட்டி டோஸை அப்படியே போட்டுட்டு இருந்தா மெல்ல மேல ஏறும். ஊட்டம் குறைஞ்ச தண்ணில ஆல்கலினிட்டி ஜாஸ்தி இருந்தா அக்ரோபோரா மாதிரி கோரலோட நுனி வெந்த மாதிரி வெளுத்துப் போறதை பல பேர் பாத்திருக்காங்க. ஆல்கலினிட்டியை 7.5ல இருந்து 8.5 டிகேஹெச்சுக்குள்ள வச்சுக்கறது பாதுகாப்பு.

தண்ணி திடீர்னு பால் மாதிரி கலங்கிட்டா அது பாக்டீரியா வெடிப்பு. அங்க யோசிக்க நேரம் எடுக்காதீங்க, உடனே டோஸை நிறுத்தி, ஏர் ஸ்டோன் போட்டு, பவர்ஹெட்டை (டேங்க் உள்ள தண்ணியை சுழற்றற பம்ப்) மேல்பரப்பு நல்லா கலங்கற மாதிரி திருப்பி, ஸ்கிம்மர் ஓடுதான்னு உறுதி பண்ணுங்க. மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குதுன்னா ஆக்சிஜன் கீழ போயிடுச்சு, முதல் வேலை காத்து, தண்ணி மாத்தறதெல்லாம் அப்புறம்தான். பெரும்பாலும் சில நாள்ல தெளிஞ்சுடும், தெளிஞ்ச பிறகு பழைய டோஸ்ல பாதியில இருந்து ஆரம்பிங்க. மீன் தீனியையும் அந்த நாள்ல குறைச்சுக்கோங்க. கரண்ட் போய் ஸ்கிம்மர் நின்னுட்டாலும், சயனோவுக்கு மருந்து போட்டிருந்தாலும் அன்னைக்கு டோஸ் வேணாம்.

சயனோ மட்டும் லேசா எட்டிப் பாத்தா பதறாம டோஸை மூணுல ஒரு பங்கு குறைச்சு, அந்த இடத்துல ஓட்டத்தை கூட்டி, படர்ந்ததை சைஃபன்ல உறிஞ்சி எடுங்க.

டோசிங் பம்ப் வைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பாட்டில்ல வினிகர் நிரப்பி மாட்டாதீங்க, பம்ப் கோளாறாகி விடாம ஓடினாலோ குழாய் சைஃபன் ஆனாலோ மொத்தமும் டேங்க்ல இறங்கிடும். நாலஞ்சு நாளைக்கு தேவையான அளவு மட்டும் சின்ன பாட்டில்ல ஊத்தி வைங்க, குழாய் முனை தண்ணில மூழ்காம மேல நிக்கட்டும்.

பாசி எப்ப குறையும்னா, நம்பர் இறங்கினதுக்கு அப்புறமும் சில வாரம் ஆகும். முதல்ல கண்ணாடில படியற பச்சை மெதுவாகும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தேய்ச்சது வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆகும், அப்புறம்தான் பாறைல இருக்கற முடிப்பாசி நிறம் வெளுத்து பிடி தளரும், அந்த நேரம் கையால எடுத்தா அடியோட வரும். பிரையாப்சிஸ் மாதிரி பாசிக்கு இந்த முறையை நம்பி இருக்காதீங்க, அதுக்கு வழி வேற. கீட்டோங்கற பாசியை வளர்க்கற தனி அறை (ரெஃப்யூஜியம்) இருந்தா அதுவும் இதே ஊட்டத்துக்கு போட்டி போட்டு மெலிஞ்சு கரையும், கரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டுல ஒண்ணை தேர்ந்தெடுத்துக்கோங்க. ஒரு கட்டத்துல டோசிங்கே வேணாம்னு தோணினா ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, ஏத்தின மாதிரியே வாரா வாரம் கொஞ்சமா இறக்கி, ஒவ்வொரு தடவையும் நைட்ரேட் டெஸ்ட் பாத்துட்டு அடுத்ததை குறைங்க.