பழைய காடிக்கு சர்வீஸ் மேனுவல்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் காடி வாங்குகிறவர்கள் அதை லேசில் மாற்றுவதில்லை. ஒன்பது வருடத் தவணையைக் கட்டி முடித்த பிறகுதான் அந்த வண்டி நமக்கென்று உழைக்க ஆரம்பிக்கிறது. பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை அது ஓடியாக வேண்டும். அந்த வருடங்களில் கம்பெனி சர்வீஸ் சென்டர் பக்கம் போவது குறைந்துபோய், பட்டணத்துப் பட்டறையில் இருக்கும் ஃபோர்மென் அண்ணனிடம்தான் வண்டி நிற்கும். அவருக்குக் கைப்பழக்கம் உண்டு. சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவார். ஆனால் இந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கவேண்டும், இந்த வயர் கம்ப்யூட்டர் பெட்டியின் எந்தப் பின்னுக்குப் போகிறது என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் வருவதல்ல. அது தயாரிப்பாளர் தன் மெக்கானிக்குகளுக்காக எழுதிய சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது.

இப்போது அந்த மேனுவல் டிஜிட்டலாகக் கிடைக்கிறது. நீண்ட நாள் வண்டியை வைத்திருக்க நினைப்பவர்கள் அதை வாங்கியே ஆகவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே சமயம், தப்பான மேனுவல் கையில் இருப்பதைவிட ஒன்றுமே இல்லாதது மேல். தப்பான எண்ணை நம்பி வேலை செய்தால் இன்ஜினே போய்விடும்.

பெயரைப் பார்த்து வாங்குவது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். 'சாகா மேனுவல்' என்று தேடி, முதலில் வருவதை வாங்கிவிடுகிறார்கள். எந்த சாகா? 1985-இல் வந்த முதல் சாகாவில் இருந்தது மிட்சுபிஷி இன்ஜின். 2008-இல் வந்த சாகாவில் புரோட்டோனின் சொந்த இன்ஜினான காம்ப்ரோ. 2011-இல் வந்த எஃப்எல்எக்ஸில் ஆட்டோ கியர் என்றால் சிவிடி, அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் கியர். 2019-இல் சிவிடியை எடுத்துவிட்டு ஹூண்டாயின் நான்கு வேக ஆட்டோ கியர்பாக்ஸைப் போட்டார்கள். பெயர் ஒன்றுதான், உள்ளே ஓடுவது வேறு. சிவிடிக்குரிய ஆயிலும் சாதாரண ஆட்டோ கியர் ஆயிலும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. மாற்றி ஊற்றினால் கியர்பாக்ஸே கெட்டு, அதன் விலையைக் கட்டவேண்டிவரும்.

வாஜா இன்னும் குழப்பம். 2000-இல் வந்தபோது 1.6 லிட்டரில் மிட்சுபிஷியின் 4ஜி18 இன்ஜின், பிறகு 1.8 லிட்டரில் ரெனோ இன்ஜின், 2006-இல் காம்ப்ரோ. ஒரே உடம்பில் மூன்று கம்பெனி இன்ஜின்கள். மைவியும் 2005, 2011, 2017 என்று மூன்று தலைமுறை பார்த்துவிட்டது.

ஆகவே காசு கட்டுவதற்கு முன் கிராண்டை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, எடுத்து வையுங்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் அதில் இருக்கும். நம் நாட்டு வண்டிகளின் 17 எழுத்து சேசிஸ் எண், புரோட்டோன் என்றால் பிஎல்1 என்றும் பெரோடுவா என்றால் பிஎம்2 என்றும் ஆரம்பிக்கும். இன்ஜின் எண்ணின் முன்பகுதியில் பெரும்பாலும் இன்ஜின் வகையின் குறியீடு இருக்கும். அந்தக் குறியீடு மேனுவலின் முதல் பக்கங்களிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று: உங்களுக்கு முன் வைத்திருந்தவர் ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) இன்ஜின் வாங்கி மாற்றியிருக்கலாம். நம் பக்கத்தில் இது சர்வசாதாரணம். அதனால் கிராண்டோடு நின்றுவிடாமல், இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ரிக்கோன் வண்டிக்காரர்களுக்கு, அதாவது ஜப்பானில் ஓடிய பழைய வண்டியை இறக்குமதியாக வாங்கியவர்களுக்கு, இதிலே தனிச் சிக்கல். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டிக்கு 17 எழுத்து எண் கிடையாது. மாடல் குறியீடு, ஒரு கோடு, பிறகு எண்கள் என்றுதான் இருக்கும். அமெரிக்கத் தளங்களில் அதைப் போட்டால் ஒன்றும் வராது. வந்தாலும் அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். டேஷ்போர்டு, பிரேக் மாஸ்டர் பம்ப், வயர் போகும் வழி எல்லாமே நம் வண்டிக்கு மாறி இருக்கும். இப்படிப்பட்டவர்கள் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள பிரிட்டன் அல்லது ஆஸ்திரேலியாவில் அதே வண்டி விற்பனைக்கு வந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த மேனுவலைத் தேடுவது நல்லது.

மூல வண்டியின் மேனுவலை வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் மைவி டைஹட்சு சிரியோனிலிருந்து வந்தது. வைரா மிட்சுபிஷி லான்சரிலிருந்து. என் கருத்து இது: இன்ஜின் குறியீடு ஒன்றாகவே இருந்தால் இன்ஜின் வேலைக்கு நம்பிப் பார்க்கலாம். வயரிங்குக்கு நம்பவே கூடாது. இங்கே வண்டியை இணைக்கும்போது லைட், அலாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் மாறியிருக்கும்.

பாதியை வாங்கிவிட்டு முழுசு என்று நினைப்பது

கம்பெனிகள் மேனுவலை ஒரே தொகுதியாக வெளியிடுவதில்லை. மிட்சுபிஷியின் பழைய வழக்கப்படி வண்டியின் மேனுவல் தனி, இன்ஜினைப் பிரித்துக் கோர்க்கும் மேனுவல் தனி, வயரிங் தனி. டோயோட்டாவில் ரிப்பேர் மேனுவல் ஒன்று, மின் வயரிங் படங்கள் இன்னொன்று, பாடி வேலை வேறொன்று. 'முழு மேனுவல்' என்று விற்பவர் தருவது பெரும்பாலும் முதல் தொகுதி மட்டும்தான்.

பழைய வண்டிக்கு உயிர்நாடி வயரிங் தொகுதி. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வரும் தொல்லைகளில் பாதி மின்சாரத் தொல்லைதான்: எர்த் துரு பிடிக்கும், ரிலே தேயும், கனெக்டரில் ஈரம் இறங்கும். தோட்டத்து ஓரம் வண்டி நிறுத்துகிற நமக்கு எலித் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். எலி கடித்த வயரை எதனோடு சேர்ப்பது என்பதற்குப் படம் இல்லாவிட்டால் குத்துமதிப்புதான்.

எங்கள் பக்கம் ஓய்வுபெற்ற கிராணி ஒருவரின் வைராவில் ரேடியேட்டர் காற்றாடி நின்றுபோனது. மோட்டாரையே மாற்றிவிடலாம் என்றார் ஃபோர்மென். கிராணியின் மகன், "அண்ணே, மாத்துறதுக்கு முன்னாலே இந்தப் படத்தை ஒருதடவை பாத்துருங்க" என்று இரண்டு தாளை நீட்டினான். அதில் காற்றாடி மோட்டாரிலிருந்து கீழே இறங்கும் வயரின் பக்கத்தில் 'பி' என்று ஒரே எழுத்து. "நீலமா தம்பி?" என்று கேட்டார். அதே தொகுதியின் முன்பக்கத்தில் நிறப்பட்டியல் இருந்தது: பி என்றால் கறுப்பு, எல் என்றால்தான் நீலம். கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பாடியில் முடுக்கியிருந்த எர்த் முனை பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டி, திரும்ப முடுக்கியதும் காற்றாடி சுற்றியது. அந்த நிறப்பட்டியல் இல்லாத வயரிங் படத்தை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வண்டியோடு தரும் ஓனர்ஸ் மேனுவலை சர்வீஸ் மேனுவல் என்று காசுக்கு விற்கிறவர்களும் உண்டு. அந்த ஓனர்ஸ் மேனுவலைப் பல கம்பெனிகள் இலவசமாகவே தருகின்றன. உதிரிபாகப் பட்டியலும் மேனுவல் ஆகாது. அதில் பாகத்தின் எண் இருக்கும், எப்படிக் கழற்றுவது என்பது இருக்காது.

சந்தாவைச் சொந்தம் என்று நினைப்பது

இன்றைக்குக் கம்பெனித் தளங்களில் நேரடியாகக் காசு கட்டினால் கிடைப்பது பெரும்பாலும் சந்தாதான். டோயோட்டாவின் அமெரிக்கத் தளத்தில் இரண்டு நாள் சந்தா எடுக்கலாம். ஃபோல்க்ஸ்வாகனின் எர்வின் தளத்தில் மணிக்கணக்கில்கூட வாங்கலாம். நேரம் முடிந்தால் கதவு மூடிவிடும். வருடத்துக்கு ஒருதரம் பார்ப்பதற்காக முழு வருடச் சந்தா கட்டுவது வீண். குறுகிய சந்தாவே போதும், ஆனால் முன்னேற்பாடு வேண்டும்.

காசு கட்டுவதற்கு முந்தின நாளே பட்டியல் போடுங்கள்: இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், வயரிங், ஏசி, பராமரிப்பு அட்டவணை. உங்கள் வண்டி அந்தத் தளத்தில் இருக்கிறதா, பக்கங்களைச் சொந்த உபயோகத்துக்குச் சேமித்து வைத்துக்கொள்ள விதிமுறை இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடம் இல்லையென்றால் நீண்ட நாள் காடிக்கு அந்தத் தளம் அவ்வளவாக உதவாது. விலை டாலரிலோ யூரோவிலோ இருக்கும். கார்டுக்காரர்கள் மாற்றுக் கட்டணம் வேறு எடுப்பார்கள். வெள்ளிக் கணக்கில் எவ்வளவு வருகிறது என்று போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவ் மலிவு

'எல்லா மாடலும் ஒரே பென்டிரைவில்' என்று சில வெள்ளிக்கு விற்பவை பெரும்பாலும் அனுமதி இல்லாத நகல்கள். 1987 பதிப்புரிமைச் சட்டம் இங்கே இதற்கும் சேர்த்துத்தான். சட்டத்தை விடுங்கள், தரமே போதும் நம்மைப் பயமுறுத்த. யாரோ பழைய தாளை ஸ்கேன் செய்திருப்பார்கள். மங்கிய பக்கத்தில் தசமப்புள்ளி காணாமல் போயிருக்கும். 9.0 என்பது 90 ஆகிவிட்டால், அந்த போல்ட் முறிந்து அலுமினிய பிளாக்கின் உள்ளே நின்றுவிடும். கோப்பைத் திறக்க ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால், அந்தப் பென்டிரைவை உடனே கழற்றிவிடுங்கள்.

திறக்க முடியாத கோப்பு

இன்னும் பத்து வருடம் கழித்தும் திறக்கவேண்டிய பொருளை வாங்குகிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது. பழைய டிஸ்க்குகளில் வந்த மேனுவல்கள் பல இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நம்பிச் செய்தவை. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. ஃபிளாஷை நம்பிய படங்கள் 2020 முடிவோடு போயின. சாதாரண பிடிஎஃப் ஆக, சொல்லைத் தேட முடிகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நகல் கம்ப்யூட்டரில், இன்னொன்று வெளி டிஸ்க்கில். ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும் நாளில் இரண்டையும் ஒருதடவை திறந்து பாருங்கள். அலமாரியில் கிடந்தே செத்துப்போகும் பென்டிரைவ்கள் ஏராளம்.

வாங்கியபின் தப்பாகப் படிப்பது

டோயோட்டாவின் மேனுவலில் இறுக்கும் அளவு மூன்று விதமாக அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். ஒரு சின்ன போல்ட்டுக்கு 9.0 நியூட்டன் மீட்டர், 92 கிலோகிராம் சென்டிமீட்டர், 80 இன்ச் பவுண்ட். சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர், 76 ஃபுட் பவுண்ட். கடைசி எண்ணை மட்டும் பாருங்கள்: 80, 76. சின்ன போல்ட்டின் அளவு இன்ச் பவுண்ட், சக்கரத்துக்கு ஃபுட் பவுண்ட். இதைக் கவனிக்காமல் சின்ன போல்ட்டில் 80 ஃபுட் பவுண்ட் வைத்தால் சொன்னதைப்போல் பன்னிரண்டு மடங்கு. எப்போதும் நியூட்டன் மீட்டரையே பாருங்கள், டார்க் ரெஞ்ச்சையும் அதே அளவில் வாங்குங்கள்.

பராமரிப்பு அட்டவணை இரண்டு இருக்கும்: சாதாரண ஓட்டம், கடின ஓட்டம். நம்மவர்கள் பலர் சாதாரண அட்டவணையைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தூசி, கரடுமுரடான ரோடு, சேறு, அடிக்கடி குறுகிய தூரம் ஆகியவைதான் கடின ஓட்டத்தின் அடையாளம். செம்பனைப் பழ லாரி முன்னே போக, அதன் செம்மண் தூசியைக் குடித்துக்கொண்டு தினமும் பட்டணத்துக்கும் தோட்டத்துக்கும் போய்வருகிற வண்டிக்கு அதுதான் சரி. ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில் எல்லாம் சீக்கிரமே மாற்றவேண்டிவரும்.

மறுபடி உபயோகிக்கக்கூடாத பாகங்களுக்கு மேனுவலில் ஒரு குறி போட்டிருப்பார்கள். கேஸ்கெட், சில போல்ட்கள், சில நட்டுகள். வேலை ஆரம்பிக்குமுன்பே அவற்றை வாங்கி வையுங்கள். கழற்றிய பிறகு ஈப்போவுக்கு ஓடினால் வண்டி இரவெல்லாம் பட்டறையில் கிடக்கும். ஏர்பேக் பக்கம் கை வைப்பதாக இருந்தால், பேட்டரி மைனஸைக் கழற்றி குறைந்தது 90 விநாடி பொறுக்கச் சொல்கிறது டோயோட்டா. பட்டறையில் இதை ஒருவரும் கவனிப்பதில்லை. தயவுசெய்து நீங்கள் கவனியுங்கள்.

கடைசியாக ஃபோர்மென் விஷயம். ஆயிரம் பக்கக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் திறக்கமாட்டார். விதிமுறைப்படியும் அது தப்பு. அன்றைய வேலைக்கு வேண்டிய இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து, வேலை ஆரம்பிக்கும் முன்பே மரியாதையோடு கையில் கொடுங்கள். பாதி வேலையில் நீட்டினால் சோதிக்க வந்ததாக நினைப்பார். வேலை முடிந்ததும் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் பெயர் மூன்றையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு பட்டறைக்குப் போனாலும் உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று யாரும் யூகிக்க வேண்டியிருக்காது.