இலையுதிர்கால ஆற்றில் தூண்டில்: மிதந்து வரும் குப்பையைச் சமாளிக்கும் முறை

இங்கிலாந்தின் டிரெண்ட், செவர்ன் ஆறுகளில் பார்பல், சப் மீன்களுக்குத் தூண்டில் போடுபவர்களுக்கு அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் நல்ல காலம். கடுங்குளிர் வருவதற்கு முன் மீன்கள் நன்றாக இரையெடுக்கும். ஆனால் கரையோரத்து வில்லோ, ஆல்டர், சிகமோர் மரங்கள் இலை உதிர்ப்பதும் இதே வாரங்களில்தான். முதல் பெருமழை பெய்ததும் அந்த இலைகளோடு, கோடை முழுவதும் வளர்ந்து இற்றுப்போன நீர்ப்பூண்டும் சுள்ளிகளும் ஒன்றாக அடித்துக்கொண்டு வரும்.

இந்தக் குப்பை இரையில் சிக்குவதைவிட நரம்பில் (தூண்டில் கயிற்றில்) சிக்குவதே பெரிய தொல்லை. நரம்பில் ஒரு கொத்து இலை சேர்ந்தாலே அது பாய்மரம்போல நீரோட்டத்தை வாங்கிக்கொண்டு, அடியில் கிடக்கும் ஈயக்குண்டையும் இரையையும் இடம்பெயர்த்துவிடும். உடனே குண்டின் எடையைக் கூட்டுவதே பலரின் வழக்கம். என் கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது, ஏனென்றால் நீரில் கிடக்கும் நரம்பின் நீளத்தைக் குறைக்காதவரை எந்தக் குண்டும் அதிக நேரம் நிற்காது.

ஆகவே, தூண்டிலை வீசுவதற்கு முன் சிறிது நேரம் ஆற்றைப் பார்க்க வேண்டும். வளைவுகளில் வேகமான நீர் வெளிக்கரையை ஒட்டி ஓடுவதால், மிதக்கும் குப்பையில் பெரும்பகுதி அந்தப் பக்கமாகவே போய்விடும். உள்வளைவில் வேக நீரும் மந்த நீரும் சந்திக்கும் கோட்டுக்குச் சற்று இப்பால் இரை கிடந்தால், நரம்பு குறுக்கே கடக்க வேண்டிய நீரும் குறைவு, வெள்ளத்தில் மீன் ஒதுங்கும் இடமும் பெரும்பாலும் அதுவே. நடு ஆற்றுக்கு வீசும் ஆசையை இந்த வாரங்களில் அடக்கிக்கொள்வது நல்லது.

அடுத்து, குப்பை எந்த ஆழத்தில் வருகிறது என்பதை அறிய வேண்டும். முதல் வீச்சைச் சுருட்டும்போது நரம்பில் வருவதே அதைச் சொல்லிவிடும். மஞ்சள் மாறாத புதிய இலைகள் என்றால் அவை மேற்பரப்பில் மிதப்பவை. அப்போது தூண்டில் கோலின் நுனியை நீருக்குள் தாழ்த்தியோ, நரம்பில் சிறு பின்குண்டு ஒன்றைக் கோத்தோ நரம்பை அடியில் அமிழ்த்திவிட்டால், இலைகள் அதன் மேலாகக் கடந்துவிடும். (பிரிட்டனில் 28.35 கிராமுக்கு உட்பட்ட ஈய எடைகளுக்கு 1987 முதல் தடை உள்ளதால், பின்குண்டு டங்ஸ்டன் போன்ற வேறு உலோகத்தில் இருக்க வேண்டும். மிகச் சிறிய ஈயமணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.) கறுத்து ஊறிய இலைகள் வந்தால், அவை நீருக்குள் பல மட்டங்களில் ஓடுபவை. அதற்கு நேர்மாறாக, கோலை ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்தி, முடிந்த அளவு நரம்பை நீருக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வரும் நாளில் கரையை ஒட்டிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எப்படிப் போட்டாலும் சில இலைகள் நரம்பு வழியே சறுக்கி இறங்கவே செய்யும். குண்டுக்கு ஒரு மீட்டர் மேலே ஒரு ரப்பர் தடுப்பைக் கட்டிவிட்டால் அவை அங்கேயே தேங்கும். முள்ளும் இரையும் சுத்தமாக இருக்கும். கோல் நுனி மெதுவாக வளைந்து அப்படியே நின்றுவிட்டால் அது பெரும்பாலும் குப்பை. பார்பல் கடித்தால் நுனி வெடுக்கென்று இழுபடும். குப்பை என்று தெரிந்தால் காத்திருக்காமல் எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி வீசுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

மீன் மாட்டிய பிறகுதான் உண்மையான சிக்கல். சுருட்டச் சுருட்ட நரம்பிலுள்ள பூண்டெல்லாம் திரண்டு கோலின் நுனி வளையத்தில் அடைத்துக்கொள்ளும். மீன் இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தும் ரீல் நகராது. அப்போது பலம்காட்டிச் சுருட்டினால் நரம்பு அறும். நரம்பைத் தளரவிடாமல், வழி பார்த்துப் பின்னால் நடந்து மீனைக் கரைக்கு இழுக்கலாம். உடன் ஒருவர் இருந்தால் அந்தத் திரளைக் கையால் பிய்த்தெடுக்கச் சொல்லலாம். இதனால்தான் இந்தப் பருவத்தில் கோடைக்காலத்தைவிடத் தடித்த நரம்பு தேவைப்படுகிறது.

மரக்கட்டைகளும் முழுக் கிளைகளும் வரத் தொடங்கினால், அல்லது நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தால், நரம்பைச் சுருட்டிவிட்டுக் கரையேற வேண்டும். இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமை இணையத்தில் வெளியிடும் நீர்மட்ட அளவீடுகளைப் பார்த்து, வெள்ளம் வடியத் தொடங்கியபின் போவது நல்லது. இரண்டு மூன்று வெள்ளங்கள் வந்து போனால் மரங்கள் மொட்டையாகிவிடும், ஆறும் பெரும்பாலும் சுத்தமாகிவிடும். ஆற்றில் இம்மீன்களைப் பிடிக்க அனுமதியுள்ள பருவம் மார்ச் 14 வரை இருப்பதால், நவம்பரில் விட்ட நாட்களை ஆறு சுத்தமான பிறகு ஈடுசெய்துகொள்ளலாம்.