புதிய ஆயில் பம்பை உலர்ந்த நிலையில் பொருத்த வேண்டாம்

காரின் ஆயில் பம்பை வீட்டிலேயே மாற்றுபவர்கள், புதிய பம்பைப் பொருத்துவதற்கு முன் அதனுள் எஞ்சின் ஆயிலை ஊற்றி, பற்சக்கரங்களைக் கையால் சுழற்றி, எல்லா இடுக்குகளிலும் ஆயில் பரவச் செய்ய வேண்டும். பொருத்தி முடித்து, ஆயிலை உரிய அளவுக்கு நிரப்பிய பின், ஃபியூயல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டில் ஆயில் அழுத்தம் குறைவதைக் காட்டும் ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் 10 விநாடிக்கு மேற்படாமல் விட்டுவிட்டு இயக்குவது நல்லது.

பம்ப், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்ச வேண்டுமானால், பற்சக்கரங்களுக்கும் உறைக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியை ஆயில் படலம் அடைத்திருக்க வேண்டும். அந்தப் படலம் இல்லாத பம்ப் வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருக்க, எஞ்சினின் பேரிங்குகள் ஆயிலின்றித் தேயத் தொடங்கும். ஆயிலுக்குப் பதில் வாஸ்லினைத் தடவும் மெக்கானிக்குகளும் உண்டு. அது சூட்டில் உருகி ஆயிலோடு கலந்துவிடும் என்பதால் தவறில்லை. சாதாரண கிரீஸ் மட்டும் கூடவே கூடாது.

பழைய வகை டீசல் எஞ்சின்களில் ஃபியூஸைக் கழற்றினாலும் எஞ்சின் ஓடிவிடக்கூடும் என்பதால், டீசல் செல்வதை நிறுத்தும் மின் வால்வான சோலனாய்டின் வயரைக் கழற்ற வேண்டும். பேரிங் தேய்மானத்தால் ஆயில் அழுத்தம் குறைந்திருந்தால் புதிய பம்பால் பெரிய பயனில்லை. கெட்டுப்போன சென்சாரும் விளக்கை எரியவைக்கும் என்பதால், பம்பை வாங்குமுன் தனி அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்துவிடுவது செலவை மிச்சப்படுத்தும்.