கடல்நீர்த் தொட்டியில் புழுவைக் கண்டால் செய்யக் கூடாதவை

பழவேற்காட்டு ஏரியின் சேற்றைக் கையால் துழாவி எடுக்கும் புழுக்களை, தாய் இறாலுக்குத் தீனியாகக் கொடுப்பதற்கென்றே இறால் பொரிப்பகங்கள் விலை கொடுத்து வாங்குகின்றன. அதே இனத்தின் தூரத்து உறவு ஒன்று, கும்மிடிப்பூண்டியிலோ சூலூர்ப்பேட்டையிலோ மீனும் பவளமும் வளர்க்கும் ஒருவர் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் பாறையிடுக்கில் தலைகாட்டிவிட்டால், அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருப்பதில்லை.

இறந்த மீனை மொய்த்திருப்பதைப் பார்த்துப் புழுவே மீனைக் கொன்றது என்று தீர்ப்பெழுதுவதுதான் மிகப் பரவலான தவறு. பக்கவாட்டில் வெண்ணிற முள்மயிர்க் கற்றைகள் வரிசையாக அமைந்த பிரிஸ்டில் புழுக்களில் பெரும்பாலானவை மிஞ்சிய தீனியையும் செத்த உடலையும் தின்று தொட்டியைத் துப்புரவாக வைப்பவை. துக்க வீட்டுக்கு வந்தவர்மீது கொலைப்பழி போடுவதை விட்டுவிட்டு, அம்மோனியா அளவையும் உப்புச் செறிவையும் சோதித்துப் பார்ப்பதே முறை. இப்புழுக்கள் திடீரெனப் பெருகினால், நாம் தீனியை அளவுக்கு மீறிப் போடுகிறோம் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

நிறத்தையும் நீளத்தையும் மட்டும் சொல்லிப் புழுவின் பெயரைப் பிறரிடம் கேட்பதால் பயனில்லை; பார்க்க வேண்டியது தலை. விளக்கணைத்துச் சில மணி நேரம் கழித்து, மங்கிய சிவப்பு ஒளியில் பொறுமையாகக் காத்திருந்தால் தலை வெளியே வரும். அதில் ஐந்து உணர்கொம்புகளும், உடலில் எண்ணெய்ப் படலம் போன்ற வானவில் மினுக்கும் தெரிந்தால், அது வலுவான தாடைகள் கொண்ட யூனிசிட் குடும்பத்துப் புழுவாக இருக்கக்கூடும்; அப்போது கவலைப்படுவதில் நியாயம் உண்டு. இங்கிலாந்தின் நியூகே நகர மீன் காட்சியகம் ஒன்றில், பவளங்கள் சிதைவதன் காரணம் தெரியாமல் 2009-இல் தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது, சுமார் நான்கடி நீளமுள்ள இத்தகைய புழு ஒன்று பாறைக்குள்ளிருந்து வெளிப்பட்டது. இத்தகைய புழுவைப் பிடித்து இழுப்பதும் தவறுதான்: உடல் அறுந்து, தலைப்பகுதி உள்ளேயே தங்கிவிட்டால் வால் மீண்டும் வளர்ந்துவிடலாம். பாறையையே வெளியே எடுத்துத் தனி வாளியில் வைப்பது நல்லது.

புழுவே அல்லாததைப் புழு என்று எண்ணுவதும் உண்டு. கெட்டியான சுண்ணக் குழாயிலிருந்து சளி வலையை வீசுவது வெர்மெடிட் என்னும் நத்தை. பவளங்களுக்கு அது தொல்லை தரும். சில மில்லிமீட்டரே உள்ள வெண்ணிறச் சுருள் குழாய்களில் இருப்பவையோ உண்மையான புழுக்கள், தீங்கற்றவை. மணலின்மீது நூல் நூலாக நெளிவன பல புழுக்கள் அல்ல, அடியில் ஒளிந்திருக்கும் ஒரே புழுவின் உணர்விழைகளாக இருக்கலாம்.

வெறுங்கையால் எதையும் தொடக் கூடாது. பிரிஸ்டில் புழுக்களில் ஒரு வகையான நெருப்புப் புழுவின் முள்மயிர்கள் தோலில் ஒடிந்து தங்கிக் கடுமையாக எரியும். ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்தால் பெரும்பாலானவை வந்துவிடும். இன்னதென்று அறியாமலே செம்பு கலந்த மருந்தை ஊற்றுவது அதைவிடப் பெரிய கேடு. புழுவோடு இறாலும் நத்தையும் பவளமும் சேர்ந்தே சாகும்.

துருச்சிவப்பு நிறமும் வாலில் மூன்று பிரிவுகளும் கொண்டு கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தட்டைப்புழுக்களுக்கு மருந்திடும் முன் சற்று நிதானம் வேண்டும். கூட்டமாகச் சாகும்போது அவை வெளியிடும் நச்சு மீன்களையே கொன்றுவிடும் என்பதால், முதலில் குழாய் வைத்து இயன்றவரை உறிஞ்சி வெளியேற்றி, மருந்திட்ட பின் நச்சை ஈர்த்துக்கொள்ளும் கிளர்வூட்டிய கரியை வைத்து நீரையும் பெருமளவு மாற்ற வேண்டும்.